மேல்மலை மண்பாதைக்குப் பட்டன் டயர்: 19-18 வீலை மாற்றாமலே என்ன செய்யலாம்?

கேள்வி இதுதான்: "கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூர்ப் பக்கம் தோட்டம். 2022 மாடல் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350, ஸ்போக்ஸ் வீல், டியூப் டயர். தார் ரோட்டிலிருந்து தோட்டத்துக்கு ரெண்டரை கிலோமீட்டர் மண்பாதை. மழை பெய்தால் முன்வீல் வழுக்கிக்கொண்டே போகிறது. வாரம் ஒருமுறை ஒரு மூட்டை பூண்டோ கேரட்டோ கட்டிக்கொண்டு கொடைக்கானல் போவேன், மாதம் ரெண்டு தடவை வத்தலக்குண்டு இறங்குவேன். முன்னால் 21 இஞ்ச் ரிம் போட்டு, ரெண்டு பக்கமும் பட்டன் டயர் (மேலே கட்டை கட்டையாக இருக்கும் டயர்) மாட்டிவிடு என்கிறார்கள். செய்யலாமா அண்ணே? செய்தால் என்னென்ன மாற்ற வேண்டும்?"

21 இஞ்ச் வேண்டாம் தம்பி. முன்னால் 19, பின்னால் 18 என்று கம்பெனியே கொடுத்திருப்பது மண்பாதைக்கு நல்ல அளவுதான். டயரை மாற்றுங்கள், ரிம்மைச் சரிபாருங்கள், முன் மட்கார்டுக்கும் டயருக்கும் இடைவெளி உண்டாக்குங்கள், காற்றைக் கணக்காக வையுங்கள். உங்கள் ரெண்டரை கிலோமீட்டருக்கு இந்த நான்கும் போதும்.

டயரை எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். படுத்துவது சேறு, அதனால் சேற்றை மட்டும் நினைத்து டயர் தேடுகிறோம். ஆனால் மன்னவனூரிலிருந்து கொடைக்கானலுக்கே முப்பது கிலோமீட்டருக்கு மேல் தார் ரோடு. அதன்பிறகு பெருமாள்மலை, டம்டம் பாறை என்று வத்தலக்குண்டு வரைக்கும் வளைவும் இறக்கமும், பின்னால் மூட்டை வேறு. சேற்றில் விழும்போது வேகம் பத்து கிலோமீட்டர் இருக்கும், சட்டையில் மண் ஒட்டும். மழையில் நனைந்த தார் வளைவில், எதிரே பஸ் ஏறி வரும்போது முன்வீல் நழுவினால் உயிருக்கே ஆபத்து. அதனால் இறக்கத்தில் பிரேக் பிடிக்கும் டயர்களை முதலில் பிரித்தெடுங்கள். அவற்றில் எது சேற்றிலும் நன்றாகப் பிடிக்கிறதோ அதை வாங்குங்கள். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

21 ஏன் வேண்டாம் என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். ரிம் இஞ்சை 25.4 ஆல் பெருக்கி, இரண்டு பக்கச் சுவர் உயரத்தையும் கூட்டினால் டயரின் மொத்த விட்டம் வரும். உங்கள் முன் டயர் 100/90-19. பக்கச் சுவர் 100இல் 90 சதவீதம், அதாவது 90 மி.மீ. ஆக 482.6 + 90 + 90 = 662.6 மி.மீ. 21 ரிம்முக்கு வழக்கமாக வரும் டயர் 90/90-21. அது 533.4 + 81 + 81 = 695.4 மி.மீ. வித்தியாசத்தில் பாதி, அதாவது 16 மி.மீ., வண்டியின் முன்பக்கம் உயரும். பின்பக்கம் இருந்த இடத்திலேயே இருப்பதால் வண்டி முழுதும் சற்றே பின்னால் சாயும், முன்வீலைத் தாங்கும் ஃபோர்க்கும் கூடவே படுக்கும்.

ஸ்டீயரிங் தண்டை அதே சாய்வில் நீட்டினால் தரையில் ஓரிடத்தில் படும். டயர் தரையைத் தொடுவது அதற்குச் சற்றுப் பின்னால். இந்த இடைவெளிக்கு டிரெயில் என்று பெயர். ஃபோர்க் சாய்வு 26 டிகிரி அளவிலும், இரு சக்கரங்களுக்கு இடையே 1,400 மி.மீ. அளவிலும் இருக்கும் வண்டியில் முன் ஆரம் 16 மி.மீ. கூடினால், அதனால் மட்டும் டிரெயில் 8 மி.மீ. ஏறும். வண்டி பின்னால் சாய்வதால் இன்னும் 5 மி.மீ. சேரும். மொத்தம் 13 மி.மீ. நேர் ரோட்டில் இது நிதானமாகக்கூடத் தெரியும். கொண்டை ஊசி வளைவிலோ ஹேண்டில் கனக்கும், வண்டி வளைவுக்குள் விழத் தயங்கி வெளிப்பக்கம் இழுக்கும். மலையில் ஓட்டுபவருக்கு வேண்டாத குணம் அது.

21 இஞ்ச் வீல் கல்லின் மேல் சுலபமாக ஏறும் என்பது உண்மைதான். ஹிமாலயன், எக்ஸ்பல்ஸ் இரண்டுக்கும் முன்னால் 21 கொடுத்திருப்பது அதற்காகத்தான். ஆனால் அந்த வண்டிகளின் ஃபிரேமும் ஃபோர்க்கும் அந்த வீலுக்கென்றே போட்டவை. ஹிமாலயன் 411இன் முன் ஃபோர்க் 200 மி.மீ. அமுங்கும், கிளாசிக் 350இன் ஃபோர்க் 130 மி.மீ.தான். கல்லின் மேல் ஏறிய வீல் மறுபக்கம் இறங்கும் அடியை ஃபோர்க்தான் வாங்க வேண்டும். வீலை மட்டும் பெரிதாக்கினால் அந்த 70 மி.மீ. எங்கிருந்தும் வந்துவிடாது.

பிரேக் பிடிக்கும்போது வீல் பூட்டாமல் காக்கும் ஏபிஎஸ்ஸையும் யோசிக்க வேண்டும். முன் வீலும் பின் வீலும் சுற்றும் வேகத்தை ஒப்பிட்டும் எந்த வீல் பூட்டிக்கொள்கிறது என்று அது கண்டுபிடிக்கிறது. முன் வீல் 5 சதவீதம் பெரிதானால், நேராக ஓடும்போதே 5 சதவீதம் மெதுவாகச் சுற்றுவதாகக் காட்டும். எச்சரிக்கை விளக்கு எரியலாம். விளக்கு எரியாமல், ஏபிஎஸ் வேலை செய்யும் நேரம் மட்டும் தப்பிப்போனால் அது இன்னும் மோசம். ஸ்பீடோமீட்டர் எந்த வீலிலிருந்து கணக்கெடுக்கிறதோ அந்த வீல் 5 சதவீதம் பெரிதானால், முள் 60 காட்டும்போது வண்டி 63இல் போகும். இவற்றோடு சட்டமும் இருக்கிறது. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52ஆம் பிரிவுக்குள் வரும். சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காரணம் காட்டி இன்சூரன்ஸ்காரர்கள் பணத்தை நிறுத்தலாம். ரிம் அளவையும் டயர் அளவையும் அப்படியே வைத்துக்கொண்டு டிரெட்டை, அதாவது தரையைத் தொடும் ரப்பர் வார்ப்பை, மட்டும் மாற்றினால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

டயருக்கு வருவோம். கடையில் "பட்டன்" என்ற ஒரே பெயரில் மூன்று வகை கிடைக்கும். முதல் வகை, தார் டயர்தான், கோடுகள் கொஞ்சம் ஆழமாக இருக்கும். இது சரளைக்குச் சரி, சேற்றில் ஒரு சுற்றிலேயே மொழுக்கென்று ஆகிவிடும். இரண்டாவது, பாதிக்குப் பாதி வகை. அகலமான கட்டைகள், இடையில் விரல் நுழையும் பள்ளம், நடுவில் கட்டைகள் நெருக்கமாக, ஓரத்தில் விலகி இருக்கும். மூன்றாவது, முழுப் பட்டன். உயரமான சின்னச் சின்னக் கட்டைகள், தாரைத் தொடும் ரப்பர் மிகவும் குறைவு. பிரேக் அழுத்தும்போது உயரமான கட்டைகள் வேர் ஆடிய பல் போல மடங்கும். ஈரத் தாரில் நிற்கும் தூரம் நீளும், வளைவில் சாய்த்தால் ஓரக் கட்டை வளைந்து வண்டி துள்ளும், பின் டயரின் நடு வரிசை மளமளவென்று தேயும். உங்களுக்கு இரண்டாவது வகைதான், இரண்டு பக்கமும், முடிந்தால் ஒரே கம்பெனியின் ஒரே டிரெட்.

இப்போதைக்கு ஒரு டயர்தான் வாங்க முடியும் என்றால் முன் டயரை வாங்குங்கள். பெரும்பாலோர் பின் டயரைத்தான் முதலில் மாற்றுவார்கள், ஏனென்றால் சுற்றி நிற்பது பின் டயர், அது கண்ணுக்குத் தெரிகிறது. பின் டயர் சுற்றினால் வண்டி நிற்கும், அவ்வளவுதான். முன் டயர் நழுவினால் விழுவீர்கள்.

அளவு விஷயத்தில் ஒரு பெரிய கண்ணி இருக்கிறது. 100/90-19 என்ற அதே எண் மோட்டோகிராஸ் வண்டிகளுக்குப் பின் டயர் அளவு. உங்கள் முன் ரிம்முக்கு அது ஏறிவிடும். ஆனால் அது இழுப்புக்காகச் செய்த பின் டயர், தார் ரோட்டுக்கு ஆனதும் அல்ல. பக்கச் சுவரில் "நாட் ஃபார் ஹைவே சர்வீஸ்" என்றோ அதன் மூன்றெழுத்துச் சுருக்கமோ ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தால் விலை எவ்வளவு மலிவானாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

அளவுக்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணையும் எழுத்தையும் படியுங்கள். எண் சுமைக்கு, எழுத்து வேகத்துக்கு. 57 என்றால் 230 கிலோ, 59 என்றால் 243, 62 என்றால் 265. வேகத்தில் எம் என்றால் 130 கிலோமீட்டர், பி என்றால் 150. மலையில் வேகம் பிரச்சினை இல்லை, சுமைதான் பிரச்சினை. வண்டி 195 கிலோ, அதில் பாதிக்குச் சற்றுக் கூடுதலாகப் பின் டயரில் நிற்கும், நூறு என்று வையுங்கள். 70 கிலோ ஆளின் எடையில் 45 பின்னால் போகும். கேரியரில் கட்டிய 50 கிலோ மூட்டை முழுதும் பின் ஆக்சில் மேல்தான். மொத்தம் 195. 265 தாங்கும் டயருக்கு இது வசதி. இரண்டு மூட்டை கட்டினால் 245 ஆகிவிடும். 59 போட்ட டயர் அப்போதே எல்லையைத் தாண்டிவிட்டது, பள்ளத்தில் இறங்கும் அடி இதற்கு மேல். அதனால் பின்னால் 120/80-18இல் 62 என்று இருப்பதையே கேளுங்கள். 4.10-18 என்று பழைய எண் முறையில் பட்டன் டயர்கள் கிடைக்கின்றன, மாட்டவும் முடியும். ஆனால் சுமை எண்ணைப் பார்க்காமல் அதை வாங்காதீர்கள். 120/90-18 போடலாமே என்பார்கள். அதன் ஆரம் 12 மி.மீ. கூடுதல், கியர் கிட்டத்தட்ட 4 சதவீதம் இழுவை இழக்கும். ஏற்றத்தில் மூட்டையோடு முதல் கியரில் திணறும் வண்டிக்கு அது எதிர்வேலை.

தயாரிப்புத் தேதியைப் பார்க்காமல் வாங்கக் கூடாது. பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23வது வாரம். பட்டன் டயர் மெதுவாக விற்கும் சரக்கு என்பதால் கடையில் வருடக்கணக்கில் கிடந்து ரப்பர் இறுகியிருக்கும். இரண்டு வருடத்துக்குள் செய்ததாக இருக்கட்டும்.

டயர் வாங்குவதற்கு முன்பே ரிம்மைப் பாருங்கள். இந்தப் பாதையில் ஓடிய வண்டியில் ஒரு கம்பியாவது தளர்ந்திருக்கும். சென்டர் ஸ்டாண்டு போட்டு, ஸ்க்ரூடிரைவர் பிடியால் ஒவ்வொரு ஸ்போக்ஸ் கம்பியையும் மெல்லத் தட்டுங்கள். இறுக்கமான கம்பி "டிங்" என்னும், தளர்ந்தது "டக்" என்னும். ஃபோர்க்கில் ஒரு கம்பியைக் கட்டி அதன் நுனியை ரிம் ஓரத்துக்கு அருகில் வைத்து வீலைச் சுற்றினால் கோட்டம் தெரியும். மேலும் கீழுமோ, பக்கவாட்டிலோ 2 மி.மீ.க்கு மேல் ஆடக் கூடாது. நல்ல கை 1 மி.மீ.க்குள் கொண்டுவந்துவிடும். கோட்டம் எடுக்கும்போது முதலில் மேல்-கீழ் ஆட்டம், பிறகுதான் பக்கவாட்டு. வரிசையை மாற்றிச் செய்தால் ஒன்றை எடுக்க இன்னொன்று வரும். நிப்பிளை (கம்பியை ரிம்மில் இறுக்கும் சின்ன நட்) ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்ப வேண்டாம். துருப்பிடித்த நிப்பிளுக்கு முந்தின நாளே எண்ணெய் விட்டு வையுங்கள், இல்லாவிட்டால் தலை உருண்டுவிடும்.

ரிம்மையே மாற்ற வேண்டியிருந்தால், வீலின் நடுவில் இருக்கும் ஹப்பில் எத்தனை ஓட்டையோ ரிம்மிலும் அத்தனை ஓட்டை: 36க்கு 36, 40க்கு 40. கழற்றும் முன் டிஸ்க் உட்காரும் முகத்திலிருந்து ரிம் ஓரம் வரை ஸ்கேல் வைத்து அளந்து எழுதிவையுங்கள். புது ரிம் அதே இடத்தில் வர வேண்டும். 5 மி.மீ. தள்ளிப்போனாலும் முன்வீலும் பின்வீலும் ஒரே கோட்டில் ஓடாது. கம்பி 9 கேஜ் என்றால் 3.66 மி.மீ., 10 கேஜ் என்றால் 3.25. உங்கள் நிப்பிளுக்கு எது பொருந்துமோ அதுதான். தடிமனானது பலம் என்று மாற்றிப் போட்டால் ஹப் ஓட்டையில் சரியாக உட்காராது. இறுக்கி முடித்தபின் நிப்பிளுக்கு மேல் கம்பி நுனி நீட்டிக்கொண்டிருந்தால் அரம் போட்டுத் தேய்த்துவிடுங்கள். டியூப் பஞ்சராகி, டயரில் ஆணியையே காணோம் என்றால் உள்பக்கம் இந்த நுனியைத்தான் தேட வேண்டும். மேலே ரப்பர் ரிம் டேப் புதிதாகப் போடுங்கள்.

ஸ்போக்ஸ் ரிம்மை டேப்பும் சிலிக்கானும் வைத்து டியூப்லெஸ் ஆக்கித் தருகிறோம் என்பவர்கள் உண்டு. டியூப்லெஸ்ஸுக்கென்று செய்த ரிம்மில் டயர் ஓரம் உள்ளே சரியாதபடி ஒரு மேடு இருக்கும். டியூப் ரிம்மில் அது கிடையாது. காற்று குறைந்த நிலையில் கல்லில் அடிபட்டால் ஓரம் உள்ளே விழுந்து மொத்தக் காற்றும் ஒரே நொடியில் போய்விடும். காற்றைக் குறைத்துச் சேற்றில் ஓட்டப் போகும் உங்களுக்கு இது ஆகாது.

மட்கார்டு விஷயத்தைப் பலரும் கண்டுகொள்வதில்லை, ஆனால் சேற்றில் வண்டி நிற்பதற்குப் பாதிக் காரணம் அதுதான். கிளாசிக்கின் முன் மட்கார்டு டயரை ஒட்டிக் கவிந்து நிற்கும். பட்டன் டயர் மண்ணை அள்ளிக்கொண்டு மேலே போகும், மட்கார்டின் உள்பக்கம் அது அப்பிக்கொள்ளும், நூறு அடிக்குள் வீல் சுற்றாமல் நிற்கும். அந்த இடத்தில் ஓங்கி ஆக்சிலேட்டர் கொடுத்தால் கிளட்ச் கருகும் வாடைதான் மிச்சம். புது டயர் மாட்டியதும் மட்கார்டுக்கும் கட்டை உச்சிக்கும் நடுவே எல்லா இடத்திலும் 20 முதல் 25 மி.மீ. இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். இல்லையென்றால் மட்கார்டு தாங்கும் பட்டைகளுக்கு அடியில் ஸ்பேசர் வைத்து, நீளமான போல்ட் போட்டு உயர்த்தலாம். உயர்த்தியபின் ஃபோர்க்கை முழுக்க அமுக்கி மட்கார்டு மேலே எதிலும் இடிக்கவில்லை என்று உறுதி செய்யுங்கள், பிரேக் ஓஸும் ஏபிஎஸ் ஒயரும் இழுபடாமல் இருக்க வேண்டும். பின்னால் செயின் பக்கம்தான் இடுக்கு. ஓரக் கட்டைக்கும் செயின் கார்டுக்கும், ஸ்விங் ஆர்முக்கும் 10 மி.மீ. இருந்தால் போதும்.

இனி மாட்டும் வேலை. மேல்மலைக் குளிரில் டயர் ரப்பர் பலகை மாதிரி விறைத்து நிற்கும். காலையில் தொடங்காமல் டயரை ஒரு மணி நேரம் வெயிலில் போட்டுவைத்து மதியம் மாட்டுங்கள், பாதி மல்லுக்கட்டு குறையும். வீலைக் கழற்றியதும் பிரேக் பேடுகளுக்கு நடுவே மடித்த அட்டையைச் சொருகுங்கள், தவறி பிரேக் லிவரை அமுக்கினால் பிஸ்டன் வெளியே வந்துவிடும். வீலை டிஸ்க் அடியில் இருக்கும்படி தரையில் கிடத்தவே கூடாது. பழைய டயர் ஒன்றின் மேல் வையுங்கள். டிஸ்க்கோ ஏபிஎஸ் ரிங்கோ சற்று வளைந்தாலும் பிறகு பிரேக் துடிக்கும், விளக்கு எரியும்.

டயரில் அம்புக்குறி இருக்கும், முன்வீல் திசை வேறு பின்வீல் திசை வேறு என்று சில பட்டன் டயர்களில் இரண்டு அம்புக்குறி இருக்கும். எது எதற்கு என்று படித்தபின் மாட்டுங்கள். வண்ணப் புள்ளி இருந்தால் அது வால்வுக்கு நேரே வரட்டும், டயரின் இலேசான இடம் அதுதான். சோப்புத் தண்ணீர் மட்டுமே தடவுங்கள். கிரீஸ், டீசல், பழைய ஆயில் எதுவும் வேண்டாம், ரப்பர் ஊறிப்போவதோடு டயர் ரிம்மில் வழுக்கவும் செய்யும். டியூபுக்கு வடிவம் வரும் அளவு மட்டும் காற்று விட்டு, பவுடர் தூவி உள்ளே வைத்து, வால்வுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்கி வால்வு அருகே முடியுங்கள். முழு நேரமும் எதிர்ப்பக்க ஓரம் ரிம்மின் நடுப்பள்ளத்தில் விழுந்து கிடக்க வேண்டும், முழங்காலால் அமுக்கிக்கொள்ளுங்கள். கடைசி ஒரு சாணுக்கு டயர் லிவர் மேல் ஏறி நிற்க வேண்டியிருந்தால் எதிர்ப்பக்கம் பள்ளத்திலிருந்து ஏறிவிட்டது என்று அர்த்தம். பலத்தைக் கூட்டினால் டியூப்தான் கடிபடும்.

ஓரம் ஏறியதும் வால்வை ஒருமுறை உள்ளே அமுக்கி விடுங்கள், அடியில் சிக்கிய டியூப் விலகும். 35 முதல் 40 பிஎஸ்ஐ வரை ஏற்றி, ரிம்மை ஒட்டி ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே இடைவெளியில் தெரிகிறதா என்று பாருங்கள். ஓரிடத்தில் அமுங்கியிருந்தால் காற்றை இறக்கிச் சோப்புத் தண்ணீர் விட்டு மறுபடி ஏற்றுங்கள். 40க்கு மேல் ஏற்றி வெடிக்க வைக்கும் பழக்கம் கை விரலுக்கு ஆபத்து. சரியாக உட்கார்ந்தபின் காற்றை முழுக்க விட்டு மறுபடி நிரப்புங்கள், டியூபில் இருக்கும் மடிப்பு எடுபடும். பின்வீலை மாட்டும்போது இருபக்கச் செயின் அட்ஜஸ்டர் கோடும் சமமாக, செயின் தளர்வு மேனுவல் சொல்லும் அளவில், ஆக்சில் நட் டார்க் ரெஞ்சில்.

வால்வின் அடி நட்டை ரிம்மோடு இறுக்கிவிடாதீர்கள். மேலே ஏற்றி வால்வு மூடியோடு சேர்த்து நிறுத்துங்கள். காற்று குறைந்து டயர் ரிம்மில் நகர்ந்தால் வால்வு சாயும், ஒரு பார்வையில் தெரிந்துவிடும். நட் இறுகியிருந்தால் சாய்வதற்குப் பதில் அடியோடு பிய்ந்துகொள்ளும்.

காற்றைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். தாருக்கு மேனுவலில் இருக்கும் எண்தான், பட்டன் டயருக்கென்று தனி எண் இல்லை. மண்பாதைக்கு அதில் கால் பங்கு குறைக்கலாம், பின்னால் 32 என்றால் 24. மூட்டை இருந்தால் குறைக்கவே கூடாது. ரிம் லாக் (டயர் ரிம்மில் நகராமல் பிடிக்கும் கிளாம்ப்) இல்லாத வீலில் எந்தப் பக்கமும் 18க்குக் கீழே இறங்க வேண்டாம். அதற்குக் கீழே கல்லில் அடிபட்டால் டியூப் ரிம்மின் இரு ஓரத்துக்கும் டயருக்கும் நடுவே நசுங்கி, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். ஆணியே இல்லாமல் இரட்டை ஓட்டை கண்டால் காற்றுக் குறைவுதான் காரணம்.

மலை ஏறினால் டயரில் காற்று கூடும், இறங்கினால் குறையும் என்று ஒரு பேச்சு உண்டு. அது பாதி உண்மை. வத்தலக்குண்டு கடல் மட்டத்துக்கு மேல் 300 மீட்டர் சொச்சம், வெளிக்காற்றின் அழுத்தம் 14 பிஎஸ்ஐ. கொடைக்கானல் 2,100 மீட்டர், அங்கே 11.4. வெளி அழுத்தம் குறைவதால் மட்டும் கேஜ் கிட்டத்தட்ட 3 கூடுதலாகக் காட்ட வேண்டும். ஆனால் மேலே வரும்போது குளிர். 34 டிகிரியில் 32 நிரப்பிய டயர் 14 டிகிரிக்கு ஆறினால் உள்ளழுத்தம் 3 குறையும். கூட்டிக் கழித்தால் கொடைக்கானலிலும் 32க்குப் பக்கத்தில்தான் நிற்கும். மார்கழி உறைபனிக் காலையில் 3 டிகிரி என்றால் 30 காட்டும். மூட்டை ஏற்றும் நாளென்றால் அந்த இரண்டையும் நிரப்பிவிட்டுக் கிளம்புங்கள்.

உங்களுக்கு இதில் முக்கியமானது திரும்பும் கணக்கு. சேற்றுக்காக 24 ஆக இறக்கிவிட்டு, "கீழே போனால் சூட்டில் தானாக ஏறிவிடும்" என்று அப்படியே வத்தலக்குண்டு இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். காலை 8 டிகிரியில் 24 இருந்த டயர், 34 டிகிரியில் கீழே போய் நிற்கும்போதும் 24லிருந்து 25க்குள்தான் இருக்கும். வெயில் ஏற்றுவதைக் கீழ்நாட்டுக் காற்றின் அழுத்தம் எடுத்துவிடுகிறது. மொத்த இறக்கத்தையும் மூட்டையோடு குறைந்த காற்றில் ஓட்டினால் டயர் பக்கச் சுவர் மடிந்து மடிந்து சூடேறும், வளைவில் பட்டன் கட்டைகள் இரண்டு மடங்கு ஆடும். மண்பாதை முடிந்து தார் தொடங்கும் இடத்திலேயே கைப்பம்பு வைத்து நிரப்புங்கள். நிரப்பியது சரியா என்பதை இருபது கிலோமீட்டர் போனபின் சோதிக்கலாம். 3, 4 பிஎஸ்ஐ கூடியிருந்தால் சரி, 6க்கு மேல் கூடியிருந்தால் தொடங்கியபோது காற்று குறைவு.

சேற்றிறக்கத்தில் ஏபிஎஸ் பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கும், வண்டி நிற்காமல் போவது போலிருக்கும். அதற்காக ஃபியூசைப் பிடுங்காதீர்கள். முதல் கியரில், கிளட்ச் பிடிக்காமல், எஞ்சின் இழுப்பிலேயே இறக்குங்கள். பிடுங்கிய ஃபியூசைத் திரும்ப மாட்ட மறந்து தாரில் இறங்கினால் நனைந்த வளைவில் காப்பாற்ற ஏபிஎஸ் இருக்காது.

அலாய் வீல் வண்டி வைத்திருக்கும் பக்கத்துத் தோட்டக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. அலாய் அடிபட்டால் வளைவதைவிட விரிசல் விடும், மண்பாதையில் தினம் ஓடுகிறவர்கள் மாதம் ஒருமுறை ஆரங்களின் அடியைத் துடைத்துப் பார்க்க வேண்டும். 17 இஞ்ச் அகல டயர் வண்டிகளுக்குப் பாதிக்குப் பாதி டயர் கிடைத்தாலும் முன்பக்கம் ஃபோர்க்குக்கும் மட்கார்டுக்கும் நடுவே இடமிருக்காது. தாருக்கு ஒன்று, மண்ணுக்கு ஒன்று என இரண்டு செட் வீல் வைத்துக்கொள்வது கேட்க நன்றாக இருக்கும். ஆனால் ஹப், பேரிங், டிஸ்க், ஏபிஎஸ் ரிங், ஸ்பேசர், பின் ஸ்பிராக்கெட் எல்லாம் இரண்டு வேண்டும். ஒரே செயின் புது ஸ்பிராக்கெட்டிலும் பழையதிலும் மாறி மாறி ஓடினால் இரண்டுமே கெடும். ஒரே பயணத்தில் இரண்டையும் தொடும் உங்களுக்கு அது உதவாது.

பட்டன் டயர் போட்டபின் பாதையை மதிப்பது இன்னும் முக்கியம். ஈரச் சரிவில் பின்வீலைச் சுற்ற விட்டால் கட்டைகள் வாய்க்கால் வெட்டியது போல் மண்ணைக் கீறும். அடுத்த மழைக்கு அந்தக் கீறலில் தண்ணீர் இறங்கும், ஒரு பருவத்தில் ஒருத்தரும் நடக்க முடியாத ஓடையாகிவிடும், தலைச்சுமையோடு ஏறும் பெண்களுக்கும் கோவேறு கழுதைகளுக்கும் அதே பாதைதான். வண்டி ஏறும் என்பதற்காகப் புல்வெளிக்கும் சோலைக்கும் திருப்பாதீர்கள். 2013இல் அறிவித்த கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் இந்த மலையின் பெரும்பகுதியைச் சுற்றி நிற்கிறது, அனுமதியில்லாமல் உள்ளே வண்டி ஓட்டுவது குற்றம். புல்வெளியில் பதிந்த டயர் தடம் பல வருடம் ஆறாது.

மாட்டிய முதல் 150 கிலோமீட்டருக்கு வளைவில் அதிகம் சாய்க்க வேண்டாம், அச்சிலிருந்து வந்த வழுவழுப்பு போக வேண்டும். அந்த 150 முடிந்ததும் ஸ்போக்ஸ் கம்பிகளை மறுபடி தட்டிப் பாருங்கள், கட்டாயம் சில தளர்ந்திருக்கும். கூடவே வைத்திருக்க வேண்டியவை: 19 இஞ்ச் டியூப் ஒன்று (அவசரத்துக்குப் பின்னால் 18க்கும் தாங்கும், ஊர் வந்ததும் மாற்றிவிடுங்கள்), ஒரு முழம் நீளத்துக்குக் குறையாத லிவர் இரண்டு, வால்வு பின் கழற்றி, பேட்ச், பம்பு, கேஜ், இரண்டு ஆக்சிலுக்கும் ஸ்பேனர். பின் டயரின் நடுக்கட்டை 4 மி.மீ.க்கு வந்ததும் சேற்றுக்கு அது முடிந்துபோன டயர். சேறு இல்லாத கோடை மாதங்களில் அதைத் தேய்த்துவிட்டு, ஐப்பசி மழை பிடிக்கும் முன் புதியதை மாட்டிக்கொள்ளலாம்.